மூன்று அங்குலம் எங்கே ஆரம்பிக்கிறது?

தம்பானூரில் பஸ் நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் இடைப்பட்ட சாலையோரத்தில் இளநீர் சீவுபவரின் அரிவாளை யாரும் அளந்து பார்ப்பதில்லை. அளந்தால் ஒரு சாணுக்குக் குறையாது. ஒரே வீச்சில் காயின் தலையைச் சீவித் தள்ளும் அந்த இரும்பு, சட்டத்தின் கண்ணில் ஆயுதம் அல்ல, தொழிற்கருவி. ஒரு சாண் வயிற்றுக்காக ஒரு சாண் கத்தி என்பதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது.

பக்கத்தில் இளநீருக்காகக் காத்திருக்கும் பயணியின் பையில் வேறொரு கத்தி இருக்கலாம். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மரப்பிடி, இரு நுனியிலும் பித்தளை. வளைகுடாவிலிருந்து வந்த உறவினர் கொடுத்ததாக இருக்கும், அல்லது சாலைக் கடைத்தெருவில் ஆசைப்பட்டு வாங்கியதாக இருக்கும். ஆப்பிள் நறுக்கவும் கயிறு அறுக்கவும் தவிர வேறு எதற்கும் அது பயன்பட்டிருக்காது. ஆனால் அளவுகோல் தேடி வருவது இந்தக் கத்தியைத்தான். அவர் கேரளா எக்ஸ்பிரஸில் ஏறி, 3,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, மூன்றாம் நாள் புது டெல்லியில் இறங்கும்போது ஒரு மில்லிமீட்டர் கூடுவதும் குறைவதும் அவருடைய தலைவிதியை நிர்ணயிக்கலாம்.

டெல்லி நிர்வாகம் 1980 அக்டோபர் 29ந் தேதி ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ஸ்பிரிங்கில் திறக்கும் கத்தி, பட்டன் கத்தி, 'கராரிதார்' எனப்படும் பல்சக்கரக் கத்தி, இன்னும் ஏதாவது இயந்திர அமைப்பால் திறக்கிற அல்லது மூடுகிற கத்தி ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவது அதன் நோக்கம். அதற்கு அது வைத்த வரம்பு: அலகு 7.62 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளம், 1.72 செ.மீ. அல்லது அதற்கு மேல் அகலம். அந்த 7.62 வேறொன்றுமில்லை, பழைய மூன்று அங்குலம்தான். 1.72 எந்த ஒழுங்கான அங்குலப் பின்னத்துக்கும் பொருந்தாத எண். சென்டிமீட்டரில் இரண்டு தசம இடம் வரை துல்லியம் காட்டும் அறிவிக்கை, அலகின் நீளத்தை எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை அளப்பது என்பதைச் சொல்லவில்லை.

இதில் என்ன சிரமம், முனையிலிருந்து பிடி வரை அளந்தால் போயிற்று என்று தோன்றும். சமையலறைக் கத்திக்கு அது சரி. மடக்குக் கத்தியில், அதுவும் வேட்டைக்கென்று வடிவமைத்த பெரிய மடக்குக் கத்தியில், 'பிடி வரை' என்பதற்கு மூன்று அர்த்தங்களாவது உண்டு.

இந்த வகைக் கத்திகளில் உலகம் முழுக்கப் பெயர் பெற்றது அமெரிக்காவின் 'பக்' நிறுவனம் 1964இல் கொண்டுவந்த 110ஆம் எண் கத்தி. நிறுவனத்தின் மூலவர் ஹாய்ட் பக், கன்சாஸ் மாநிலத்தில் கொல்லுப்பட்டறையில் வேலை பார்த்தவர். தேய்ந்துபோன அரங்களைத் தட்டிக் கத்தி செய்து ஆரம்பித்தவர். அவர் வாரிசுகள் செய்த 110, விரித்ததும் பூட்டிக்கொள்ளும். பிடியின் முதுகில் அழுத்தினால்தான் மடங்கும். இடுப்பில் நீண்ட உறைக்கத்தியைத் தொங்கவிட்டுக்கொண்டு காட்டில் அலைந்த வேட்டைக்காரர்களுக்கு, அதே உறுதியுள்ள கத்தி பாதி இடத்தில் கிடைத்தது. பிறகு நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் அதைப் பார்த்து நகல் எடுத்தன. இந்தியாவில் 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையின் கதை முடிந்தது. கத்திக்கு மட்டும் 'வேட்டைக் கத்தி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. போலீஸ் அதிகாரியின் முன் விரித்து வைக்கும்போது இந்தப் பெயர் உதவாது என்பது வேறு விஷயம்.

110இன் அலகு 3¾ அங்குலம், சுமார் 9.5 செ.மீ. மடக்கிய நீளம் 4⅞ அங்குலம் (பழைய வாய்ப்பாட்டில் நாலே முக்காலே அரைக்கால்). ஓர் அங்குலத்துக்கு மேல் உள்ள இந்த வித்தியாசத்தில்தான் கத்தியின் சூட்சுமம் இருக்கிறது. அலகு சுழலும் ஆணி, அதைப் பிடித்து நிறுத்தும் பூட்டு, பூட்டு விழுவதற்காக அலகின் அடியில் வெட்டிய பள்ளம் ஆகிய எல்லாமே பிடிக்குள் மறைந்திருக்கின்றன. ஆக, அலகு என்ற எஃகுத் துண்டு வெளியே தெரிவதைவிட நீளமானது. அதே சமயம், வெட்டும் கூர் வெளியே தெரிவதைவிடக் குறைவானது. ஏனென்றால் பிடியை ஒட்டிய சிறு பகுதி கூர் தீட்டப்படாமல் விடப்படுகிறது. மடங்கும்போது கூர் உள்ளே எதிலும் மோதி மழுங்கக் கூடாது. சாணை பிடிக்கும்போது கல் பித்தளையில் உரசவும் கூடாது.

ஆக ஒரே கத்திக்கு மூன்று நீளம். ஆணியிலிருந்து அளந்தால் ஒன்று, பிடியின் வாயிலிருந்து அளந்தால் ஒன்று, கூர் ஆரம்பிக்கும் இடத்திலிருந்து அளந்தால் இன்னொன்று. இது போதாதென்று, பித்தளை வாய் நேர்கோடாக இருப்பதில்லை. பல பழைய மாதிரிகளில் வளைந்தோ சாய்ந்தோ இருக்கும். அதன் நடுவில் ஸ்கேலை வைப்பவருக்கும் ஓரத்தில் வைப்பவருக்கும் விடை ஓரிரு மில்லிமீட்டர் வேறுபடும். அலகு முனையில் வளைந்து ஏறும் கத்தி என்றால் நேர்கோட்டில் அளப்பதா, கூரின் வளைவோடு நூல் பிடித்து அளப்பதா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். கூர்க்காக்களின் குக்ரி போன்ற கத்தியில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

வியாபாரிகளின் கணக்கு தனி. அமெரிக்காவின் பழைய மடக்கு வேட்டைக் கத்திகள் பலவற்றை 'ஐந்தே கால் அங்குலம்' என்று விற்றது மடக்கிய பிடியின் நீளத்தை வைத்து. சுவிட்சர்லாந்தின் சிவப்புப் பிடிக் கத்திகளை 58, 84, 91, 111 என்று மில்லிமீட்டரில் சொல்வதும் மடக்கிய நீளத்தையே. ரசிகர்களுக்கு இது மனப்பாடம். 110 என்பதோ அளவே அல்ல, மாதிரி எண். கடையில் பெட்டியில் அச்சடித்த எண்ணை அப்படியே நம்பித் தன் கத்தி எவ்வளவு நீளம் என்று சொல்பவர், தெரியாமலே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கக் கூடும்.

110இன் தம்பி ஒன்று உண்டு. எண் 112. அதே உருவம், அதே பூட்டு, அலகு மூன்று அங்குலம். அதாவது 7.62 செ.மீ. டெல்லி அறிவிக்கை கோடு கிழித்த இடத்தில், கோட்டின் மேலேயே நிற்கிற கத்தி! '7.62 அல்லது அதற்கு மேல்' என்கிறது அறிவிக்கை. தொழிற்சாலை சொல்லும் அளவை ஏற்றால் நீளத்தில் மாட்டிக்கொண்டது. கூரை மட்டும் அளந்தால் தப்பித்தது. சில வருஷம் உபயோகித்து, முனை ஒடிந்து, சாணைக்காரர் அதைத் தேய்த்துச் சரிசெய்து கொடுத்திருந்தால் எப்படி அளந்தாலும் தப்பித்தது. புதிதாக வாங்கிய அன்று குற்றமாக இருந்தது பழசானதும் குற்றமில்லாமல் போகிற விசித்திரம். ஆணியிலிருந்து அளக்கும் அதிகாரி கிடைத்தால் பழசும் மாட்டும்.

பிரிட்டனிலும் இதே மூன்று அங்குலம்தான் எல்லை. ஆனால் வாசகம் வேறு. 1988ஆம் வருடத்துக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆவது பிரிவு, பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைத் தடுத்துவிட்டு, மடக்கும் பேனாக்கத்திக்கு விலக்கு அளிக்கிறது. அதன் 'வெட்டும் விளிம்பு' மூன்று அங்குலத்தைத் தாண்டினால்தான் விலக்கு போகும். கவனிக்க வேண்டியவை இரண்டு. அங்கே அளக்கப்படுவது அலகு அல்ல, கூர். மூன்று அங்குலம் சரியாக இருந்தால் பாதகமில்லை, தாண்டினால்தான் வம்பு. டெல்லியில் சரியாக இருந்தாலே வம்பு. இப்படி எழுதியும் தகராறு தீரவில்லை. விரித்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தி 'மடக்கும் பேனாக்கத்தி' ஆகுமா என்ற வழக்கு வந்தது. பட்டனை அழுத்தாமல் மடக்க முடியாத கத்தி மடக்குக் கத்தி அல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக லண்டனில் 112இன் நீளத்தை யாரும் அளக்கவே வேண்டாம். பூட்டு இருப்பதே போதும்.

இந்தியச் சட்டம் ஒரு காலத்தில் அளவைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை, பெயரைச் சொல்லியே தடுத்தது. இன்றைய கேரளத்தின் வடபகுதியான மலபார் சென்னை மாகாணத்தோடு சேர்ந்திருந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1854இல் மாப்பிள்ளைமார்களின் போர்க்கத்தியைத் தடைசெய்து தனிச் சட்டமே போட்டது. கலெக்டர் கனோலி ஊர் ஊராகப் போய் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கத்திகளைத் திரட்டினார். 1855 செப்டம்பரில் கோழிக்கோட்டில் அவரே வெட்டிக் கொல்லப்பட்டார். எது போர்க்கத்தி என்பதில் அங்கே யாருக்கும் குழப்பம் இல்லை. அது திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சிக்கு உட்பட்ட தம்பானூருக்கு வெகு தூரத்தில் நடந்த கதை.

சுதந்திர இந்தியா பெயரோடு அளவையும் கேட்டது. 1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் வாள், ஈட்டி, குத்துவாள் என்று பட்டியல் போட்டுவிட்டு, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு என்று எல்லை வைத்தன. ஒன்பது அங்குலம் என்றால் நம் பழைய கணக்கில் ஒரு சாண். வீட்டு உபயோகம், விவசாயம், விஞ்ஞானம், தொழில் ஆகியவற்றுக்காக அமைந்தவற்றுக்கு விலக்கு. இளநீர் அரிவாள் தப்பிப்பது இந்த வாசல் வழியாகத்தான். 1950களிலேயே மெட்ரிக் முறைக்கு மாறத் தீர்மானித்த நாடு இது. ஆனாலும் 2016இல் புதிதாக எழுதிய ஆயுத விதிகளிலும் அங்குலம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பட்டியல் ஆயுதங்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற கட்டாயமும் எல்லா ஊருக்கும் பொதுவானது அல்ல. சட்டத்தின் 4ஆவது பிரிவின்கீழ் எந்தப் பகுதிக்கு அறிவிக்கை உண்டோ அங்கு மட்டுமே. ரயிலில் போகிறவருக்கு ஜன்னல் வழியே இந்த எல்லைக்கோடு தெரியாது.

ஊருக்கு ஊர் எல்லை மாறுவதற்கு ராம்பூர் நல்ல உதாரணம். உத்தரப் பிரதேசத்தின் அந்தச் சிறு நகரம், இந்தி சினிமா வில்லன்கள் 'கட கட'வென்ற ஓசையோடு விரிக்கும் மடக்குக் கத்திக்குப் பேர்போனது. 9 முதல் 12 அங்குலம் வரை அலகு வைத்துச் செய்துவந்தார்கள். நாலரை அங்குலத்துக்கு மேல் கூடாது என்று மாநில அரசு தடை போட்டதும் தொழில் படுத்துவிட்டது. குட்டையான ராம்பூரியை யார் வாங்குவார்கள்? 2023இல் அதே ராம்பூரின் நாற்சந்தி ஒன்றில் 20 அடி நீளக் கத்தியைச் சிலையாக நிறுத்தி, ஊரின் பெருமை என்று திறந்துவைத்தார்கள். நாலரை அங்குலமாகவே இருந்தாலும் ராம்பூரில் சட்டப்படி செய்த கத்தி, பக்கத்தில் இருக்கும் டெல்லிக்குள் நுழைந்தால் மூன்று அங்குல எல்லையைத் தாண்டிவிடும்.

டெல்லியில் கத்தியோடு பிடிபட்டவரின் வழக்கில் அளக்கும் வேலை நீதிமன்றத்துக்கு வெகு முன்பே, தெருவிலேயே முடிந்துவிடுகிறது. காவலர் வெள்ளைத்தாளை விரித்து, அதன்மேல் கத்தியை வைத்து, சுற்றிலும் கோடு இழுத்து உருவம் வரைகிறார். பேச்சு வழக்கில் இதற்கு 'காக்கா' என்று பெயர். நம் ஊர்ப் பறவை அல்ல, வரைபடம் என்று பொருள் தரும் உருதுச் சொல். மொத்த நீளம் இவ்வளவு, அலகு இவ்வளவு, பிடி இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று ஓரத்தில் குறித்து, கத்தியைத் துணியில் சுற்றி அரக்கு முத்திரை வைத்து அனுப்புவார்கள். விசாரணையில் முத்திரையை உடைத்து மறுபடி அளப்பார்கள். கூட்டல் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வரும். அலகையும் பிடியையும் கூட்டினால் மொத்தம் வரத்தானே வேண்டும்? ஆனால் அலகு முடிந்து பிடி தொடங்கும் புள்ளியை எங்கே வைத்தாலும் மொத்தம் ஒன்றுதான். கூட்டல் சரி என்பதால் பங்கீடும் சரி என்று ஆகிவிடாது.

பென்சிலால் சுற்றிலும் கோடு இழுத்தால் உருவம் நிஜத்தைவிடச் சற்றுப் பருத்தே வரும். இரண்டு பக்கமும் பென்சில் கூரின் தடிமன் சேரும். 14 செ.மீ. பட்டன் கத்தியில் அது பொருட்டல்ல. 1.72 செ.மீ. அகலம் என்ற எல்லையில் நிற்கும் சிறு கத்தியில் அதுதான் வழக்கே. அந்த அறிவிக்கை தயாரிப்பையும் விற்பனையையும் பற்றியதா, வெறுமனே பையில் வைத்திருப்பவருக்கும் பொருந்துமா என்ற அடிப்படைக் கேள்வியும் நீதிமன்றங்களில் எழுந்திருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை ஜாமீனுக்கும் வாய்தாவுக்கும் அலைவது, பெரும்பாலும் வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாத ஆள்தான். 110ஐ ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிச் சேகரிப்பவர் அந்த வரிசையில் நிற்பது அபூர்வம்.

எங்கிருந்து அளப்பது என்பதைச் சட்டத்தில் எழுதுவது முடியாத காரியம் அல்ல. அமெரிக்கக் கத்தித் தயாரிப்பாளர்களின் அமைப்பான 'அமெரிக்கக் கத்தி மற்றும் கருவி நிறுவனம்' இதற்கென வழிமுறையே வகுத்திருக்கிறது. முனையிலிருந்து, பிடி எந்த இடத்தில் அதிகமாக முன்னே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்த இடம் வரை, நேர்கோட்டில். தயாரிப்பாளர்கள் தங்களுக்குச் சாதகமான அளவைத்தான் எழுதிக்கொள்வார்கள் என்று சந்தேகப்படலாம். நியாயம்தான், இந்த முறையில் வருவது குறைந்த நீளமே. ஆனால் போலீஸும் நீதிபதியும் கத்திக்காரரும் ஒரே இடத்தில் ஸ்கேலை வைப்பார்கள் என்ற உத்தரவாதம் அதில் இருக்கிறது.

ஐரோப்பிய விமான நிலைய விதிகளில் இன்னும் வேடிக்கை. பயணி கையில் எடுத்துச் செல்லக் கூடாதவற்றின் பட்டியலில் 6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகுள்ள கத்திரிக்கோல் வருகிறது. அங்கே 'சுழல் ஆணியிலிருந்து அளந்தால்' என்று சேர்த்திருக்கிறார்கள். அதே பட்டியலில் 6 செ.மீ.க்கு மேற்பட்ட கத்தியும் உண்டு. அதை எங்கிருந்து அளப்பது என்று ஒரு வார்த்தை கிடையாது. கத்திரிக்கோலுக்குக் கிடைத்த கரிசனம் கத்திக்குக் கிடைக்கவில்லை. கத்திரிக்கோல் விதியை மடக்குக் கத்திக்கும் பொருத்தினால், ஆணி பிடிக்குள் இருப்பதால், 110இன் நீளம் கூடிப்போகும்.

நம் நாட்டிலேயே ஓரளவு தெளிவான முன்மாதிரி ஒன்று இருக்கிறது. சீக்கியப் பயணிகள் உள்நாட்டு விமானத்தில் கிர்பான் எடுத்துச் செல்வது பற்றி, விமானப் பாதுகாப்புப் பிரிவு 2022 மார்ச்சில் உத்தரவு போட்டது. அலகு 15.24 செ.மீ.க்கு மேல் கூடாது, மொத்த நீளம் 22.86 செ.மீ.க்கு மேல் கூடாது. அதாவது 6 அங்குலம், 9 அங்குலம். இரண்டு எண்ணையும் சொன்னதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. அலகு எங்கே முடிகிறது என்பதில் தகராறு வந்தாலும், நுனியிலிருந்து நுனி வரை மொத்த நீளத்தில் தகராறு வராது.

டெல்லி அறிவிக்கையில் அப்படி இரண்டாவது எண் இல்லை. 'கூர் தீட்டிய பகுதி' என்றோ 'பிடியின் வாயிலிருந்து' என்றோ ஒரு சொல் சேர்க்க 1980க்குப் பிறகு வேண்டிய மட்டும் அவகாசம் இருந்தது. அதுவரை, சந்தேகம் வரும் ஓரிரு மில்லிமீட்டரைக் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் தள்ளுவதுதான் நீதிமன்றங்களுக்கு முறை. தம்பானூரில் ரயில் ஏறுகிறவருக்கு அதைவிடச் சுலபமான வழி உண்டு. கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். ஆப்பிளைப் பற்களாலும் கடிக்க முடியும்.